ஊற்றுத் தண்ணீர் போன இடம்

வெர்னா டுகெட் தன் ஐம்பத்து நான்காவது வயதில் கல்லூரியில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்ததற்கு அறிவுத் தாகம் காரணம் அல்ல. அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம்தான் காரணம்.

வெர்மான்ட்டின் வடக்கு மூலையில், மலைச் சரிவில் இருக்கும் ஹார்லோ ஹில் கல்லூரியில் அவள் இருபத்து மூன்று வருடங்களாக வேலை பார்க்கிறாள். கடைசி ஒன்பது வருடமாக அவள் பதவியின் பெயர் ‘பராமரிப்பு இயக்குநர், பொறுப்பு’. கூரை ஒழுகினாலும், பாய்லர் நின்றாலும், ஆட்டுக் கொட்டில் கதவைப் பனி அடைத்துக்கொண்டாலும் வெர்னாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் ‘பொறுப்பு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு நிரந்தரமாக்குங்கள் என்று எழுதிக் கேட்டாள். இயக்குநர் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்று பதில் வந்தது. கூடவே, ஊழியர்கள் பருவத்துக்கு ஒரு பாடம் இலவசமாகப் படிக்கலாம் என்ற நல்ல செய்தியும் இருந்தது. பட்டத்துக்கு நாற்பது பாடம். வருடத்துக்கு இரண்டு பருவம்.

அவள் கணவன் ஆர்மண்ட், பால் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சாப்பாட்டு மேசையில் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"இருபது வருஷம். எழுபத்து நாலு வயசுல நிரந்தரமாயிடுவே."

"ஆமா."

"மறுநாளே ரிட்டயர் ஆயிடலாம்."

"அந்த ஒரு நாள் எனக்குப் போதும். உருளைக்கிழங்க இப்படித் தள்ளு."

ஹார்லோ ஹில்லில் நூற்றுப் பன்னிரண்டு மாணவர்களும் இருபத்தாறு ஆடுகளும் உண்டு. இலக்கியம், வரலாறு, தத்துவம் எல்லாம் மற்ற கல்லூரிகளில் போலவே சொல்லித்தருவார்கள். ஆனால் எல்லாமே மண், நீர், மரம் வழியாகத்தான். தத்துவ வகுப்பு காட்டில் நடக்கும். கவிதை வகுப்பு எருக்குழிப் பக்கத்தில் நடக்கும். குளிர்காலத்தில் வளாகத்திலேயே கதகதப்பான இடம் அதுதான் என்பதால் யாரும் ஆட்சேபித்ததில்லை.

முதலாண்டில் எல்லோரும் படித்தாக வேண்டிய பாடத்துக்கு ‘இந்த இடம்’ என்று பெயர். நடத்துகிறவன் டோபி ரென்னர். முப்பத்து மூன்று வயது, கலிஃபோர்னியாக்காரன், வந்து ஐந்து வருடம் ஆகிறது. நல்லவன். மாணவர்கள் அழுதால் தானும் அழுதுவிடுவான். ஜனவரியில் முதல் வகுப்பில், ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் தாங்கள் பிறந்த இடத்தின் ஆற்றையும் சொல்ல வேண்டும் என்றான். பதினான்கு பேர் சொன்னார்கள். சிலருக்கு ஆற்றின் பெயர் தெரியாததால் வருத்தப்பட்டார்கள்.

"வெர்னா டுகெட். கீழ ஓடுதே, அந்த ஆறுதான். அப்புறம் இந்த ரூமச் சூடாக்கற ரேடியேட்டர் டக்டக்குனு தட்டுது. வகுப்பு முடிஞ்சதும் பாக்கறேன்."

"நன்றி, வெர்னா," என்றான் டோபி. "கேக்கறதும் ஒரு வகை படிப்புதான்."

"அது காத்து அடைச்சிருக்கு," என்றாள் வெர்னா.

பிப்ரவரியில் முதல் கட்டுரை. உங்கள் விடுதிக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்து எழுத வேண்டும். கல்லூரி தொடங்கிய நாள் முதல் வருடா வருடம் கொடுக்கிற கட்டுரைதான் அது. விடை எல்லோருக்கும் தெரியும். மலைக்கு மேலே, மேப்பிள் மரங்களுக்கு நடுவே கல்லால் கட்டிய சின்னத் தொட்டிக்குள் ஊற்று ஒன்று இருக்கிறது. கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் அட்டைப்படமே அதுதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய மாணவர்கள் வரிசையாக ஏறிப் போய்த் தகரக் குவளையில் மொண்டு குடிப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முதல் கவளத்துக்கு முன் ஒரு கணம் கண்ணை மூடி ஊற்றுக்கு நன்றி சொல்வார்கள். பழைய மாணவர் ஒருவர் அந்த ஊற்றைத் தோளில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். இருபது வருடங்களுக்கு முன் ஒரு மாணவி குழாய்த் தண்ணீரின் ‘லேசான கனிமச் சுவை’ பற்றி ஆய்வேடே எழுதினாள். அடுத்தடுத்து வந்தவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினார்கள். அவர்களை அதற்கடுத்து வந்தவர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள்.

வெர்னா எழுதிய நான்கு பக்கத்தின் சாரம் இது. ஊற்றிலிருந்து வரும் பைப் இருபத்தொரு வருடங்களுக்கு முன் ஜனவரியில் சாலைக்கு அடியில் உறைந்து வெடித்தது. விடுதியில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. அப்போதிருந்த கல்லூரித் தலைவர் என்னவாவது செய் என்றார். கீழ்வாசல் பக்கம் ஊர்த் தண்ணீர்க் குழாய் போகிறது. அதிலிருந்து ஒரே நாளில் இணைப்பு எடுத்தேன். பனி உருகும்வரை தற்காலிகமாக என்று பேச்சு. பனி உருகியது. தலைவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் கேட்கவில்லை. ஆகவே விடுதிக் குழாயில் வருவது ஹார்லோ ஊர்த் தண்ணீர். கனிமச் சுவை என்பது குளோரின்.

கட்டுரை ‘சி’ கிரேடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், ‘துணிச்சலான வாதம்! ஆனால் ஆதாரம் எங்கே? குறைந்தது ஐந்து வேண்டும்’ என்று இருந்தது.

வெர்னா டோபியின் அறைக்குப் போனாள்.

"ஆதாரம் நான்தான்."

"புரியுது வெர்னா. உங்க அனுபவம் ரொம்ப மதிப்பானது. ஆனா கட்டுரைன்னு வந்தா, வேற யாராவது சொல்லியிருக்கணும்."

"கல்லூரியில வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவர் போயிட்டார்."

"அதத்தான் சொல்றேன். நூலகத்துல வரைபடம் இருக்கு. அதுல பைப் ஊத்துல இருந்து விடுதிக்கு நேரா வருது."

"அந்தப் படம் போட்ட வருஷம் நான் பொறக்கவே இல்ல. பைப்பும் வெடிக்கல."

டோபி பென்சிலை மேசைமேல் வைத்தான். அவனுடைய முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒரே பெரிய கட்டுரை அந்த ஊற்றைப் பற்றியது. அதை வெர்னா அறிந்திருக்கவில்லை. அவன் அதைச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

"சரி," என்றான். "சோதிச்சுப் பாத்துடலாம்."

இந்த ஒரு காரணத்துக்காகவே அவன்மேல் தனக்கு மரியாதை வந்தது என்று வெர்னா பிற்பாடு ஆர்மண்டிடம் சொன்னாள்.

டோபி வகுப்பில் விஷயத்தைச் சொன்னான். கனெக்டிகட்டிலிருந்து வந்த இமோஜன் என்ற பெண் கையை உயர்த்தினாள். அவள் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன் மற்றவர்களைவிட நீண்ட நேரம் கண்ணை மூடுகிறவள்.

"அப்ப நான் ஆறு மாசமா குளோரினுக்கா நன்றி சொல்லிட்டிருந்தேன்?"

"ஊருக்கு," என்றாள் வெர்னா. "ஊருக்கும் சொல்லலாம், தப்பில்ல. ஊர்ப் பம்பு ஹவுஸ்ல லூசியன்னு என் சித்தப்பா பையன் இருக்கான். சந்தோஷப்படுவான்."

"நீங்க ஏன் இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. இப்பதான் வீட்டுப்பாடமா கேட்டாங்க."

ஏப்ரலில், சாலையெல்லாம் சேறாகி வண்டிகள் அச்சுவரை புதைகிற சமயத்தில் சோதனை நடந்தது. ஊற்றுத் தொட்டியில் பச்சைச் சாயம் கலப்பது. அது எங்கே வந்து எட்டிப் பார்க்கிறது என்று கவனிப்பது. மனிதருக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லாத சாயம். டோபி மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கியிருந்தான். காலை எட்டு மணிக்கு இமோஜன் தொட்டிக்குள் சாயத்தைக் கொட்டினாள். தண்ணீர் பச்சைக் கிளி நிறத்துக்கு மாறியது. பதினான்கு பேரும் வளாகம் முழுக்கக் குழாய்களைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடிக் குவளைகளோடு உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம்வரை ஒரு குவளையிலும் பச்சை இல்லை. விடுதியில் இல்லை, சமையலறையில் இல்லை, நூலகத்தில் இல்லை. தொட்டி நிரம்பி வழிகிற பக்கத்து ஓடையில் மட்டும் கொஞ்சம் வந்தது. டோபி எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றான் வெர்னாவிடம். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நேராக இருந்தது. "என் கட்டுரை தப்பு. பத்திரிகைக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்லணும்."

"அவசரம் இல்ல. இருபத்தொரு வருஷம் ஆச்சு," என்றாள் வெர்னா. ஆறுதலாகச் சொன்னதாகவே நினைத்தாள்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் எண்ணினாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. கல்லூரித் தலைவர் கான்ஸ்டன்ஸ் விட்லாக்.

"வெர்னா, என் வீட்டு நிலவறை பச்சையா இருக்கு."

"எவ்வளவு பச்சை?"

"அதுல என்ன அளவு இருக்கு? பச்சை."

தலைவருக்கென்று கல்லூரி கொடுத்திருக்கும் வீடு சாலைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது. அதன் நிலவறையில் எப்போதும் ஈரம். யார் தலைவராக வந்தாலும் வந்த முதல் ஏப்ரலில் புகார் செய்வார். வெர்னா பம்பைத் தூக்கிக்கொண்டு போய் இறைத்துவிட்டு, "பனி உருகுது, பழைய வீடு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு வருவாள். கான்ஸ்டன்ஸ் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் பறவை ஆராய்ச்சிக்காரர். பன்னிரண்டு கோடைகாலம் ஏரி ஏரியாகப் படகில் உட்கார்ந்து கையால் எழுதிய குறிப்பேடுகளை, புதிய வீட்டில் இடம் பார்த்து அடுக்கும்வரை நிலவறையில் வைத்திருந்தார். போன ஏப்ரலில் தண்ணீர் ஏறியபோது நான்கு பெட்டிகள் ஊறிப்போயின. வெர்னா அவற்றைப் பாய்லர் அறைக்குக் கொண்டுபோய், கயிறு கட்டித் துணி உலர்த்துவது போல ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். பாதிதான் படிக்கிற மாதிரி மிஞ்சியது. கான்ஸ்டன்ஸ் அழவில்லை. நன்றி சொல்லி ஒரு ஜாடி தேன் அனுப்பினார். அந்தத் தேன் வெர்னா வீட்டில் இன்னும் திறக்காமல் இருந்தது.

வெர்னா படி இறங்கும்போது டோபியும் இமோஜனும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். கான்ஸ்டன்ஸ் அவர்களையும் கூப்பிட்டிருந்தார். குளியல் கவுனுக்கு மேல் மழைக்கோட்டு போட்டு, ரப்பர் பூட்ஸோடு கீழ்ப்படியில் நின்றிருந்தார். தரை முழுக்க இரண்டங்குலப் பச்சை. சாலைப் பக்கத்துச் சுவரின் கல்லிடுக்கிலிருந்து மெல்லிய கோடாக வந்துகொண்டிருந்தது.

"பிரமாதம்!" என்று டோபிக்கு வாய் தவறி வந்துவிட்டது. உடனே, "மன்னிச்சிடுங்க, கான்ஸ்டன்ஸ்," என்றான்.

"எப்படி இங்க வந்துது?" என்றாள் இமோஜன். "ஊத்து எங்க, இது எங்க?"

"நிலத்தடிப் பாறையில விரிசல் இருக்கலாம்," என்றான் டோபி. "இந்தப் பக்கம் எல்லாம் அந்த மாதிரிப் பாறைதான். தண்ணி அதுக்குள்ள எப்படி வேணா போகும்."

கான்ஸ்டன்ஸ் தலையாட்டினார். நல்ல விளக்கம். பாறையின்மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

வெர்னா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜனவரி ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. விடுதிப் பக்கத்து வால்வை அவளே மூடினாள். மேலே ஊற்றுப் பக்கம் இன்னொரு வால்வு உண்டு. அது ஆளுயரப் பனிக்கு அடியில் இருந்தது. பனி போனதும் மூடலாம் என்று நினைத்தாள். அந்த மார்ச்சில் ஆர்மண்டுக்கு முதுகு ஆபரேஷன். ஏப்ரலில் கொட்டில் கூரை விழுந்தது. பிறகு அந்த வால்வைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. ஊற்று இரவும் பகலும் பைப்பில் இறங்கி, சாலைக்கு அடியில் வெடித்த இடத்தில் வெளியே வந்து, நேராக இந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இருபத்தொரு ஏப்ரல் அவள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து தன் தவறையே இறைத்து வெளியே ஊற்றியிருக்கிறாள்.

பாறை என்று விட்டுவிட்டால் விட்டதுதான். மேலே போய் வால்வை மூடிவிட்டால் அடுத்த வருடம் நிலவறை காய்ந்துவிடும். வானிலை மாறிவிட்டது என்பார்கள். அதற்கு ஒரு மாணவர் கட்டுரையும் எழுதுவார்.

"பாறை இல்ல," என்றாள் வெர்னா. "நான்."

மூவரும் திரும்பினார்கள்.

"மேல் வால்வ மூடல. மூடணும்னு இருந்தேன், மறந்துட்டேன். வெடிச்ச பைப்புல இருந்து வர்ற தண்ணி இது. உங்க நோட்டெல்லாம் நனஞ்சது பனியால இல்ல, கான்ஸ்டன்ஸ். என்னால."

கான்ஸ்டன்ஸ் பச்சைத் தண்ணீரில் இறங்கிப் போய், கல்லிடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார்.

"வால்வ மூட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் கான்ஸ்டன்ஸ்.

"ஏறிப் போறதுக்கு இருபது நிமிஷம். மூட அஞ்சு நிமிஷம். துருப்பிடிச்சிருந்தா பத்து."

"அப்ப அத மொதல்ல பண்ணுங்க. நான் டிரஸ் மாத்திக்கறேன்."

துருப்பிடித்திருந்தது. இமோஜன் கூடவே ஏறி வந்து நீள ஸ்பேனரின் மறுமுனையில் தொங்கினாள். பதினாறு நிமிஷம் ஆனது. இறங்கும் வழியில் அந்தப் பெண் கேட்டாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமே? டோபியே பாறைன்னு சொல்லிட்டார்."

"இருந்திருக்கலாம்."

"பயமா இல்லியா?"

"இப்பதான் பயமா இருக்கு," என்றாள் வெர்னா. "காலப் பாத்து வை, சேறு."

அன்று மாலை அவள் கட்டுரையைத் திருத்தி எழுத உட்கார்ந்தாள். முதல் நான்கு பக்கம் அப்படியே. ஐந்தாம் பக்கத்தில் மேல் வால்வு, மறதி, நிலவறை, குறிப்பேடுகள். எதையும் விடவில்லை. சாயச் சோதனையின் நேரக் குறிப்பு, நூலக வரைபடம், ஊர்த் தண்ணீர் இணைப்பைக் குறித்து வைத்திருந்த லூசியனின் பதிவேடு, துருப்பிடித்த வால்வின் புகைப்படம், கான்ஸ்டன்ஸின் காலை ஆறு மணிப் போன் எல்லாவற்றையும் ஆதாரமாகக் காட்டினாள். ஐந்து இருந்தது. ஆர்மண்ட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இத வெச்சே உன்ன வேலைய விட்டுத் தூக்கிடலாம்."

"தெரியும்."

"எழுத்துப்பிழை ஒண்ணு இருக்கு. மூணாம் பக்கம்."

அந்த வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் கல்லூரி மொத்தமும் கூடியது. ஹார்லோ ஹில்லில் எந்த முடிவும் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எடுக்கப்படும். ஆகையால் அதிகம் முடிவுகள் எடுக்கப்படுவதில்லை. மூன்று மணி நேரம் பேசினார்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்கிறோம் என்றார்கள் சிலர். ஊற்றை ஏமாற்றிவிட்டோம் என்றார்கள் வேறு சிலர். வெர்னா எழுந்து, மன்னிப்புக் கேட்டு, இரண்டு நிமிஷத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பேசியவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசினார்கள். புதிய பைப் போடுவது என்று முடிவானது. மே மாதம், கண்ணிலும் காதிலும் புகுகிற கருங்கொசுக்களுக்கு நடுவே, மாணவர்களே சாலையோரம் பள்ளம் தோண்டினார்கள். வெர்னா பைப் பதித்தாள். மாநில அலுவலகம் ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு விநியோகிக்க ஏற்றதல்ல என்று எழுதியது. ஆடுகளுக்குத் தடை இல்லை. புதிய பைப் ஆட்டுக் கொட்டில்வரை போய் நின்றது. விளம்பரப் புத்தகத்தின் அட்டைப்படத்தை மாற்றவில்லை. உள்ளே, ஊற்றுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்ற ஒரு வரியை மட்டும் மாற்றினார்கள்.

கட்டுரைக்கு ‘ஏ’ கிடைத்தது. டோபி தன் திருத்தத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது அடிக்குறிப்பில் டுகெட் என்ற பெயரைப் போட்டான். பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’யா, ஒன்றா என்று கேட்க அவன் பாய்லர் அறைவரை வந்தான்.

ஜூனில் கான்ஸ்டன்ஸ் வெர்னாவைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவள் கட்டுரை இருந்தது.

"அறங்காவலர்கள் எல்லாருக்கும் இத அனுப்பினேன்."

"சரி."

"ஏழு பேர் படிச்சாங்க. ஒருத்தர் மட்டும் உங்கள அனுப்பிடணும்னார். மத்தவங்க, தன் தப்பத் தானே அஞ்சு ஆதாரத்தோட எழுதிக் குடுக்கற ஆள் இந்தக் கல்லூரியில வேற யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "விதிய மாத்தியாச்சு. ‘பட்டம், அல்லது அதுக்கு ஈடான அனுபவம்.’ ஜூலை ஒண்ணுல இருந்து நீங்க இயக்குநர். பொறுப்பு இல்ல."

வெர்னா தாளைப் படித்தாள். தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"உங்க நோட்டு விஷயத்துல நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

கான்ஸ்டன்ஸ் கட்டுரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"கோவமாதான் இருக்கேன்," என்றார். "இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நியாயம்," என்றாள் வெர்னா.

அந்தக் கோடையில் அவள் வாரம் இரண்டு நாள் மதியத்தில், கான்ஸ்டன்ஸின் வீட்டு முன்வராந்தாவில் உட்கார்ந்து, மை கரைந்த பக்கங்களில் எழுத்துத் தெரிகிற வரிகளை உரக்கப் படித்தாள். கான்ஸ்டன்ஸ் அவற்றைத் தட்டச்சு செய்தார். ஒரு ஏரி, ஒரு தேதி, இரண்டு பறவை, ஒரு குஞ்சு. அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆகஸ்டு கடைசியில், ஒன்பதாம் நோட்டு நடந்துகொண்டிருந்தபோது, கான்ஸ்டன்ஸ் அவளுக்கும் ஒரு கிளாஸ் ஐஸ் டீ கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பரில் வெர்னா இன்னொரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தாள். நிலவியல். பட்டம் இனித் தேவையில்லை என்று அலுவலகத்தில் நினைவூட்டினார்கள். தெரியும் என்றாள். சாலைக்கு அடியில் கசிந்த தண்ணீர் ஏன் ஓடைப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் போனது என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. முதல் வகுப்பு நூலகத்துக்குப் பின்னாலிருந்த பாறைச் சரிவில் நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு சுத்தியல் கொடுத்து, ஒரு துண்டு உடைத்து உள்ளே என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் பாறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா காலை அகட்டி நின்று ஓங்கி ஒரு போடு போட்டாள்.